அகாரில் கொல்கிறது, சாற்றில் அடங்கிவிடுகிறது: ஸ்ட்ரெப்டோமைசிஸ் சேர்மத்தைத் துரத்துவதில் எங்கே பிழை?

அகார்தட்டு:
மண்ணிலிருந்து பிரித்த ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் (நுண்ணுயிர்க்கொல்லிகளைச் செய்யும் இழை பாக்டீரியா) திரிபு. ஐஎஸ்பி-2 அகாரில் 7 நாள் வளர்த்து ஒரு துண்டு வெட்டி வைத்தால் ஸ்டாபைலோகாக்கஸ் ஆரியஸ் மேல் 18 மி.மீ., பாசில்லஸ் சப்டிலிஸ் மேல் 22 மி.மீ. தெளிவளையம் (கிருமி வளராத வட்டம்) வருகிறது. அதையே மானிட்டால்-சோயா திரவ ஊடகத்தில் 2 லிட்டர் வளர்த்து, 5ஆம் நாள் எத்தில் அசிட்டேட்டால் 3 முறை பிரித்தெடுத்தேன். சாற்றில் பாதி வீரியம்தான் இருந்தது. சிலிக்கா நிரலில் (சிலிக்கா நிரப்பிய பிரிப்புக் குழாய்) 12 ஃபிராக்‌ஷனாகப் பிரித்தபோது இரண்டில் மட்டும் லேசான வளையம். அவற்றை எச்பிஎல்சியில் (உயரழுத்த நிரல் பிரிப்பு) தனித்தனிப் பீக்காகப் பிரித்ததும் எதிலுமே ஒன்றுமில்லை.

சாற்றின் எல்சி-எம்எஸ் (நிரலில் பிரித்து மூலக்கூறு நிறை அளப்பது), நேர்மின் முறையில் கண்ட முக்கிய நிறைகள்: 211.144, 255.065, 391.284, 526.255, 601.356, 798.512. கடைசியானது எந்தத் தரவுத்தளத்திலும் கிடைக்கவில்லை, அதைத்தான் புதிது என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். அடுத்து 10 லிட்டர் வளர்க்கப் போகிறேன். அதற்கு முன் எதைச் சரிசெய்ய வேண்டும்?

எடைமானி:
10 லிட்டரை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். நீங்கள் கொடுத்த ஆறு நிறைகளில் ஐந்துக்குப் பெயர் உண்டு.

391.284 உங்கள் நுண்ணுயிரி செய்ததல்ல. பிளாஸ்டிக்கை மென்மையாக்கப் போடும் டைஎத்தில்ஹெக்சில் தாலேட். கூடவே 413.266இல் சோடியம் இணைவும், உடைத்தால் 149.023 துண்டும் கிடைக்கும். குழாய், முனை, கரைப்பான் டப்பா எதிலிருந்தும் வரும். 255.065 சோயாவின் டெய்ட்சீன். பக்கத்திலேயே 271.060இல் ஜெனிஸ்டீனும் இருக்க வேண்டும், பாருங்கள். 211.144 புரோலின்-லியூசின் டைகீட்டோபிப்பரசீன். ஈஸ்ட் சாறு, பெப்டோன், சோயா எதைக் கொதிக்கவைத்தாலும் வரும். இதைப் "புதிய செயலூக்கச் சேர்மம்" என்று எழுதிவைத்த கட்டுரைகளுக்குக் குறைவில்லை. உயிரி போடாத ஊடகத்தை அதே ஆட்டோகிளேவ், அதே 5 நாள், அதே பிரித்தெடுப்பு என்று கொண்டுபோய் ஒரு பிளாங்க் ஓட்டியிருந்தால் இந்த மூன்றும் அன்றைக்கே பட்டியலிலிருந்து போயிருக்கும். நுண்ணுயிரிச் சேர்ம வேலையில் பிளாங்க் இல்லாத நிறைமாலையை நான் படிப்பதே இல்லை.

601.356 டெஸ்ஃபெரியாக்சமீன் ஈ, அதாவது நோகார்டமீன். ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்தில் சர்வசாதாரணமான இரும்புப் பிடிப்பான். 654.267இல் அதன் இரும்பு வடிவம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். இது கிருமியைக் கொல்வதில்லை, இரும்பைப் பிடுங்கிப் பட்டினி போடுகிறது. தெளிவளையம் என்னவோ ஒரே மாதிரிதான் தெரியும். சோதனை எளிது: சோதனை அகாரில் 0.1 மில்லிமோலார் ஃபெரிக் குளோரைடு கலந்து ஒரு தட்டு, கலக்காமல் ஒரு தட்டு. இரும்பு போட்டதில் வளையம் சுருங்கினால் சுருங்கிய அளவு இதன் வேலை.

இனிதான் முக்கியமான விஷயம். 526.255 ஸ்ட்ரெப்டோகிராமின் வகை நுண்ணுயிர்க்கொல்லியான விர்ஜினியாமைசின் எம்1இன் நிறை. பிரிஸ்டினாமைசின் இரண்டு-ஏ என்பதும் அதே மூலக்கூறுதான். அது இருக்கும் இடத்தில் கூட்டாளியும் இருப்பது வழக்கம். 867.404 (பிரிஸ்டினாமைசின் ஒன்று-ஏ) அல்லது 824.361 (விர்ஜினியாமைசின் எஸ்1) தெரிகிறதா என்று தேடுங்கள். சிறிய பீக்காக இருக்கலாம், மொத்த அயனி வரைபடத்தைக் கண்ணால் பார்த்துத் தேடாதீர்கள். அந்த நிறையை மட்டும் பிரித்தெடுத்துப் பாருங்கள். நிறை பொருந்தியதாலேயே அதுதான் என்று முடிவுகட்டவும் வேண்டாம். எம்எஸ்-எம்எஸ் (மூலக்கூறை உடைத்துத் துண்டுகளின் நிறை பார்ப்பது) எடுத்து ஜிஎன்பிஎஸ் என்ற பொது நிறைமாலை நூலகத்தோடு ஒப்பிடுங்கள்.

கரைப்பான்:
எடைமானி சொல்வது சரியென்றால், எச்பிஎல்சிக்குப் பிறகு வீரியம் காணாமல் போனதற்கும் அதுவே விடை. ஸ்ட்ரெப்டோகிராமின்கள் ஜோடியாகத்தான் வேலை செய்யும். ஏ வகையும் (526.255) பி வகையும் (867.404 அல்லது 824.361) தனித்தனியே வளர்ச்சியைக் கொஞ்சம் தடுப்பதோடு சரி. இரண்டும் ரைபோசோமில் சேர்ந்து உட்கார்ந்தால்தான் கொல்லும். நிரலில் ஏற்றி இரண்டையும் பிரித்துவிட்டீர்கள்.

ஆகவே நிரலுக்குப் பின் வீரியம் போனால் முதல் வேலை மறுகலப்பு. எல்லா ஃபிராக்‌ஷனிலிருந்தும் அதே விகிதத்தில் ஒரு பங்கு எடுத்து ஒன்றாகக் கலந்து சோதியுங்கள். வீரியம் திரும்பினால் கூட்டுச் செயல். அப்போது ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு மீதியைக் கலந்து பாருங்கள், எது இல்லாதபோது விழுகிறதோ அது கூட்டாளி. திரும்பாவிட்டால் சேர்மம் சிதைந்திருக்கிறது, அல்லது சிலிக்காவிலேயே தங்கிவிட்டது. நிரலில் ஏற்றிய எடையையும் வெளிவந்த மொத்த எடையையும் ஒப்பிடுங்கள். 100 மி.கி. ஏற்றி 60தான் வந்தது என்றால் மீதி 40ஐ மெத்தனாலால் கழுவி எடுங்கள். அதைத் தூக்கி எறிந்துவிட்டு மறுகலப்பு செய்து பயனில்லை.

சிதைவுக்கு நான் அதிகம் பார்க்கும் காரணம் சிலிக்கா அல்ல, ரோட்டவேப் (கரைப்பானை ஆவியாக்கும் சுழல் கருவி). 0.1 சதவீத டிரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம் நிரலுக்குள் தீங்கில்லாதது. அசிட்டோநைட்ரைல் முதலில் ஆவியாகிப் போக, நீரும் அமிலமும் 40 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் சுண்டச் சுண்ட, கடைசி 1 மி.லி.யில் உங்கள் சேர்மம் கடும் அமிலத்தில் ஊறுகிறது. எரித்ரோமைசின் மாதிரி அமிலம் தாங்காத மேக்ரோலைடு அங்கேயே வளையம் மடிந்து ஸ்பைரோகீட்டாலாகிப் போகும். ஃபிராக்‌ஷன் குழாயில் முன்கூட்டியே கொஞ்சம் அமோனியம் பைகார்பனேட் கரைசல் விட்டுவைத்து, அசிட்டோநைட்ரைலை மட்டும் குளிர்ந்த நிலையில் இழுத்துவிட்டு, மீதியை உறையவைத்து உலர்த்துங்கள். அந்த உப்பு உலர்த்தும்போதே பறந்துவிடும்.

கரைப்பானும் வினைபுரியும். மெத்தனாலில் வாரக்கணக்கில் வைத்த கார்பாக்சிலிக் அமிலம் மெத்தில் எஸ்டராகும், ஹெமிஅசிட்டால் மெத்தில் அசிட்டாலாகும். அசிட்டோன் பக்கத்துப் பக்கத்து ஹைட்ராக்சில்களைக் கீட்டாலாக்கும். டைகுளோரோமீத்தேன் மூன்றாம்நிலை அமீனோடு சேர்ந்து குளோரோமெத்தில் உப்பாகும். 14 கூடிய "புதிய வகைமாதிரி" கிடைத்தால், மெத்தனால் தொடாத வழியில் ஒருமுறை பிரித்துப் பார்த்த பிறகு பெயர் வையுங்கள்.

வீரியச் சோதனையின் தட்டையும் மறக்காதீர்கள். நேர்மின் பெப்டைடுகள் பாலிஸ்டைரீன் தட்டில் ஒட்டிக்கொள்ளும், பாலிபுரொப்பிலீன் தட்டு நல்லது. டாப்டோமைசினுக்குச் சோதனை ஊடகத்தில் லிட்டருக்கு 50 மி.கி. கால்சியம் அயனி வேண்டும், இல்லாவிட்டால் சுத்தமான டாப்டோமைசினே வீரியமற்றதாகத் தெரியும்.

மண்வாசம்:
திரவத்தில் பாதியாகக் குறைந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. அங்கேதான் பெரிய இழப்பு.

ஸ்ட்ரெப்டோமைசிஸ் பல சேர்மங்களை வான்இழை எழும்பி ஸ்போர் ஆகும் கட்டத்தோடு ஒட்டிச் செய்கிறது. திரவத்தில் பெரும்பாலான திரிபுகள் அந்தக் கட்டத்துக்குப் போவதில்லை. அதோடு சாதாரணக் கூம்புக் குடுவையில் அது பட்டாணி அளவு உருண்டைகளாகத் திரண்டுவிடும். உருண்டையின் நடுவே ஆக்சிஜன் கிடையாது. குடுவைக்குள் துருப்பிடிக்காத எஃகுச் சுருள் கம்பி போடுங்கள், 250 மி.லி. குடுவையில் 50 மி.லி.க்கு மேல் ஊடகம் வேண்டாம், 28 முதல் 30 டிகிரி, நிமிடத்துக்கு 200 சுற்று. ஸ்போரை நேராகப் பெரிய குடுவையில் போடாமல் டிஎஸ்பி (டிரிப்டிக் சோயா) ஊடகத்தில் 48 மணி நேரம் விதை வளர்ப்பு செய்து, அதிலிருந்து 2 முதல் 5 சதவீதம் மாற்றுங்கள். விதை கூழ்போல் மெல்லியதாக இருக்க வேண்டும். குடுவையைச் சாய்த்தால் கண்ணாடியில் மணல் ஒட்டியதுபோல் தெரிந்தால் உருண்டை பிடித்துவிட்டது என்று பொருள், அந்த விதையை விட்டுவிடுங்கள்.

5ஆம் நாள் என்று யார் சொன்னது? 2ஆம் நாளிலிருந்து 10ஆம் நாள் வரை தினமும் 1 மி.லி. எடுத்து, சம அளவு எத்தில் அசிட்டேட்டில் குலுக்கி, உலர்த்தி, 100 மைக்ரோலிட்டர் மெத்தனாலில் கரைத்து எல்சி-எம்எஸ் ஓட்டுங்கள். சில சேர்மங்கள் 4ஆம் நாள் உச்சம் தொட்டு 6ஆம் நாள் கரைந்துவிடும்.

அப்படிச் சிதைவதைத் தடுக்க ரெசின் (சேர்மத்தை உறிஞ்சிப் பிடிக்கும் மணிகள்) போடலாம். எக்ஸ்ஏடி-16 அல்லது எச்பி-20, லிட்டருக்கு 20 கிராம். புதிய ரெசினை மெத்தனாலில் நன்றாக ஊறவைத்துக் கழுவி, பிறகு நீரில் கழுவித்தான் பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் அதிலுள்ள பாலிமர்க் கசடு முழுவதும் சாற்றில் வரும். தனியே நீரில் ஆட்டோகிளேவ் செய்து 24 முதல் 48 மணிக்குள் சேருங்கள். முதல் நாளே போட்டால் ஊடகத்தின் சத்தையும் உறிஞ்சிவிடும். அறுவடையில் ரெசினையும் இழைகளையும் சேர்த்து வடிகட்டி, நீரால் கழுவி, மெத்தனாலிலும் பிறகு அசிட்டோனிலும் இறக்குங்கள். 10 லிட்டர் திரவத்தைப் பிரிபுனலில் குலுக்கிப் பால்மத்தோடு மல்லுக்கட்டும் வேலையும் மிச்சம்.

இல்லையென்றால் அகாரிலேயே நின்றுவிடுங்கள். அதில்தான் 18 மி.மீ. வருகிறதே. 1 லிட்டர் அகாரைத் தட்டுகளில் ஊற்றி 7 நாள் வளர்த்து, துண்டாக்கி, சம அளவு எத்தில் அசிட்டேட்டில் இரவு முழுக்க இரண்டு முறை ஊறவையுங்கள். இங்கே அழகைவிட மில்லிகிராம்தான் கணக்கு.

முக்கியமானதைக் கடைசியில் சொல்கிறேன்: இன்றைக்கே ஸ்போரை 20 சதவீத கிளிசராலில் –80 டிகிரியில் பல சிறு குப்பிகளாகச் சேமியுங்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் குரோமோசோம் நேர்கோடு, அதன் முனைகள் எளிதில் அறுந்துபோகும். தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே போனால் ஒருநாள் உற்பத்தி நின்றுவிடும். தட்டில் மொட்டையாக, வெளிறிய புள்ளிகள் தெரிய ஆரம்பித்தால் அதுதான் அறிகுறி.

கரைப்பான்:
ரெசின் விஷயத்தில் ஒரு மறுப்பு. சிறிய, நீரில் நன்றாகக் கரையும் சேர்மங்களை எக்ஸ்ஏடி பிடிக்காது. அமினோகிளைக்கோசைடு தேடுபவர் ரெசினை நம்பி வடிதிரவத்தைக் கொட்டிவிட்டால் எல்லாம் போயிற்று. முதல்முறை வடிதிரவத்தையும் சோதித்துவிட்டுக் கொட்டுங்கள்.

மண்வாசம்:
ஒப்புக்கொள்கிறேன். வடிதிரவம், ரெசின் இறக்கல், இழைச் சாறு மூன்றையும் முதல்முறை தனித்தனியே சோதிக்க வேண்டும்.

அகார்தட்டு:
சொன்னவற்றைச் செய்து பார்த்தேன். பிளாங்கில் 211, 255, 391 மூன்றும் வந்தன. இரும்பு போட்ட தட்டில் பாசில்லஸ் வளையம் பாதியானது, ஸ்டாபைலோகாக்கஸ் வளையம் அசையவில்லை. 867.404 சிறிய பீக்காக இருக்கிறது. 526.255இன் உடைவுகள் நூலகத்தோடு பொருந்துகின்றன. இரண்டு ஃபிராக்‌ஷனையும் கலந்ததும் வளையம் திரும்பிவிட்டது. ஆக வீரியம் தெரிந்த ஜோடியுடையது.

அகாரிலிருந்து எடுத்த 798.512 இப்போது 3 மி.கி. சுத்தமாக இருக்கிறது. தனியே வீரியம் இல்லை. 820.494, 815.539 இணைவுகளும் தெரிகின்றன. என்எம்ஆரில் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலை) வளைய ஹெப்டாபெப்டைடு, அதாவது ஏழு அமினோ அமில வளையம், என்று தேறியது: புரோலின், லியூசின், திரியோனின், என்-மெத்தில் ஃபினைல்அலனின், லியூசின், ஐசோலியூசின், வேலின், மறுபடி அதே முதல் புரோலினில் வளையம் மூடுகிறது. கைத்தன்மைக்கு (ஒவ்வொரு அமினோ அமிலமும் எல் வடிவமா, அதன் கண்ணாடி பிம்பமான டி வடிவமா என்று அறிய) மார்ஃபி முறை செய்ய வேண்டும். எவ்வளவு மாதிரி தேவை? இதைத் தொடர்வதில் பொருள் உண்டா?

பிணைப்பு:
உண்டு. ஒரு கிருமிமேல் வேலை செய்யாதது வீரியமற்றது என்று ஆகாது.

0.2 மி.கி. போதும். 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 0.5 மி.லி., மூடிய குழாயில் 110 டிகிரி, 12 மணி. இது டிரிப்டோஃபானை அழிக்கும், அஸ்பரஜின் அஸ்பார்டிக் அமிலமாகவும் குளூட்டமின் குளூட்டாமிக் அமிலமாகவும் மாறும். உங்கள் பெப்டைடில் மூன்றும் இல்லை, கவலை வேண்டாம். அமிலத்தை முழுதும் உலர்த்துங்கள், நீர் விட்டு மறுபடியும் உலர்த்துங்கள். மிச்ச அமிலம் இருந்தால் அடுத்த படியில் பைகார்பனேட்டைத் தின்றுவிட்டு வினை நடக்கவே விடாது. மார்ஃபி தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

50 மைக்ரோலிட்டர் நீரில் கரைத்து, 1 மோலார் சோடியம் பைகார்பனேட் 20 மைக்ரோலிட்டர், அசிட்டோனில் 1 சதவீத எஃப்டிஏஏ (மார்ஃபி வினைப்பொருள்) 100 மைக்ரோலிட்டர். 40 டிகிரி, 1 மணி, இருட்டில். 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மைக்ரோலிட்டர் விட்டு நிறுத்துங்கள். 340 நானோமீட்டரில் பாருங்கள். பொதுவாக எல் வடிவம் முன்னும் டி வடிவம் பின்னும் வரும். என்-மெத்தில் அமினோ அமிலங்களில் இந்த வரிசை மாறக்கூடும், வினையும் மெதுவாகும். அதற்கு ஒப்புமை மாதிரி ஓட்டாமல் விதியை நம்பி எழுதாதீர்கள். டி வடிவ ஒப்புமை கையில் இல்லையென்றால், எல் அமினோ அமிலத்தை டி வடிவ வினைப்பொருளோடு சேருங்கள். அது நீங்கள் தேடுவதன் கண்ணாடி பிம்பம், சாதாரண நிரலில் அதே நேரத்தில்தான் வரும்.

ஐசோலியூசினில் ஒரு கண்ணி. எல்-ஐசோலியூசினும் எல்-அல்லோ-ஐசோலியூசினும் எஃப்டிஏஏவோடு சி18 நிரலில் ஒரே பீக்காக விழும். சி3 நிரலில் பிரியும்.

உங்கள் உண்மையான சிக்கல் இரண்டு லியூசின்கள். இரண்டும் எல் என்று வந்தால் தொல்லை இல்லை. ஒன்று எல், ஒன்று டி என்று சம அளவில் வந்தால் எது எங்கே என்பதை மார்ஃபி சொல்லாது.

எடைமானி:
அதற்கு மரபணுத்தொகுதி இருக்கிறதே. ஆன்டிஸ்மாஷ் மென்பொருளில் அந்த என்ஆர்பிஎஸ் (ரைபோசோம் இல்லாமல் பெப்டைடு கட்டும் நொதி) தொகுப்பைப் பார்த்தால் எந்த மாட்யூலில் எபிமரைசேஷன் (எல் வடிவத்தை டி ஆக்கும்) டொமைன் உள்ளதோ அந்த லியூசின் டி. அடுத்த மாட்யூலின் கண்டென்சேஷன் (இணைக்கும்) டொமைனும் டி-எல் வகையாக இருந்தால் முடிந்தது.

பிணைப்பு:
வழிகாட்ட அது போதும், தீர்ப்பெழுத அது போதாது. எபிமரைசேஷன் டொமைன் செயலிழந்து கிடப்பதுண்டு. கண்டென்சேஷனும் எபிமரைசேஷனும் ஒரே டொமைனில் நடக்கும் தொகுப்புகளும் உண்டு.

கினமைசின் கதையை ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டும். 1970இல் ஸ்ட்ரெப்டோமைசிஸ் முரயாமென்சிஸிலிருந்து பிரித்தார்கள். சயனமைடு தொகுதி கொண்டது என்று எழுதினார்கள். அந்தக் கார்பனின் கார்பன்-13 சமிக்ஞை 80 பிபிஎம் பக்கத்தில் விழுந்தது. சயனமைடுக்கு 100க்கு மேல் வர வேண்டும். அந்த ஒரு எண் பல ஆண்டுகள் எல்லோர் கண்முன்னும் இருந்தது. 1994இல்தான் அது டையசோ என்று இரண்டு குழுக்கள் காட்டின. ஒவ்வாத ஒரு எண்ணை "கருவிப் பிழை" என்று தள்ளிவிடுவது எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆகவே ஒரு லியூசின் டி என்று வந்தால், அது முதல் இடத்தில் உள்ள வடிவம், இரண்டாம் இடத்தில் உள்ள வடிவம் இரண்டையும் செயற்கையாகச் செய்து ஒப்பிட்டுவிடுங்கள். ஏழு அமினோ அமிலம், இரண்டு பெப்டைடு, இரண்டு மூன்று வார வேலை. சங்கிலியைப் புரோலினில் முடித்து, முதல் லியூசினில் வளையத்தை மூடுங்கள். கார்பாக்சில் முனையில் புரோலின் இருந்தால் மூடும்போது கைத்தன்மை கலையும் ஆபத்து குறைவு. வேலினிலோ ஐசோலியூசினிலோ மூடினால் கிளைத்த பக்கத்தொடர் தடுக்கும், என்-மெத்தில் அமீனில் மூடுவது அதைவிடக் கடினம். புரோலின் முனையில் இருந்தால் இரண்டாவது அமினோ அமிலம் சேர்த்த கணமே டைகீட்டோபிப்பரசீனாகக் கழன்று ஓடும். 2-குளோரோடிரிட்டைல் ரெசின் (இங்கே சங்கிலியைக் கட்டும் திடத் தாங்கி) அதை வெகுவாகத் தடுக்கும்.

கடினமான இணைப்பு ஒன்றுதான்: என்-மெத்தில் ஃபினைல்அலனின் மேல் திரியோனின். எச்ஏடியூ, எச்ஓஏடி என்ற இணைப்பு வினைப்பொருள்களை வைத்து இரண்டு முறை இணையுங்கள். அங்கே நின்ஹைட்ரின் சோதனை பயன்படாது, இரண்டாம்நிலை அமீனை அது காட்டாது. குளோரானில் சோதனை செய்யுங்கள்.

டைகுளோரோமீத்தேனில் 20 சதவீத ஹெக்சாஃப்ளூரோஐசோபுரொப்பனால் விட்டு ரெசினிலிருந்து கழற்றுங்கள், திரியோனினின் பாதுகாப்பு அப்படியே நிற்கும். மூடும் செறிவு 1 மில்லிமோலார். 50 மி.கி. சங்கிலிக்கு ஏறத்தாழ 60 மி.லி. டிஎம்எஃப் கரைப்பான். எச்ஏடியூ 1.1 சமானத்தைத் தாண்டாதீர்கள். மிஞ்சியது சங்கிலியின் அமீன் முனையிலேயே குவானிடீனாக ஏறி உட்காரும், நிறையில் 98 கூடித் தெரிந்தால் அதுதான். இரட்டை வளையம் உருவானதா என்றும் பாருங்கள். இரட்டையின் இரு மின்னூட்ட அயனி, ஒற்றையின் ஒரு மின்னூட்ட அயனி நிற்கும் அதே எண்ணில் விழும். ஐசோடோப்பு இடைவெளி 1க்குப் பதில் 0.5 இருந்தால் நீங்கள் கொண்டாடிக்கொண்டிருப்பது இரட்டையை. கடைசியில் திரியோனின் பாதுகாப்பைக் கழற்ற டிரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலத்தில் 1 மணிக்கு மேல் வைக்க வேண்டாம், என்-மெத்தில் அமைடு பிணைப்பு அமிலத்தில் அறும்.

அகார்தட்டு:
என் இயற்கைச் சேர்மத்தின் புரோட்டான் நிறமாலையில் சில சமிக்ஞைகள் இரண்டிரண்டாக, ஏறக்குறைய 4:1 விகிதத்தில் வருகின்றன. சுத்தமில்லையோ என்று மறுபடி எச்பிஎல்சி செய்தேன், அப்படியே இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு செயற்கைச் சேர்மத்தோடு எப்படி ஒப்பிடுவது?

பிணைப்பு:
மறுபடி மறுபடி சுத்தம் செய்து மாதிரியை இழக்காதீர்கள். புரோலினும் என்-மெத்திலும் உள்ள பெப்டைடில் அமைடு பிணைப்பு சிஸ், டிரான்ஸ் என்று திரும்பிய இரண்டு வடிவும் கலந்திருப்பது இயல்பு. ரோஸி என்ற இருபரிமாண என்எம்ஆரில் சிறிய சமிக்ஞைக்கும் பெரியதற்கும் இடையே மூலைவிட்டத்தின் அதே குறியில் குறுக்குப் புள்ளி தெரிந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று மாறிக்கொள்ளும் ஒரே மூலக்கூறு. உண்மையான ரோஸி புள்ளி எதிர்க்குறியில் இருக்கும். புரோலினின் பீட்டா, காமா கார்பன் சமிக்ஞைகளின் வித்தியாசத்தைப் பாருங்கள்: 5 பிபிஎம் அளவில் என்றால் டிரான்ஸ், 8க்கு மேல் என்றால் சிஸ்.

ஒப்பிடும்போது அதே கரைப்பான், அதே செறிவு, அதே வெப்பநிலை. 4:1 விகிதம் கரைப்பானோடு மாறும், ஆகவே செயற்கைச் சேர்மமும் அதே விகிதத்தில் இரட்டிக்க வேண்டும். பிறகு ஒரே குழாயில் இரண்டையும் பாதிப் பாதி கலந்து கார்பன்-13, எச்எஸ்க்யூசி என்ற என்எம்ஆர் நிறமாலைகள் இரண்டையும் எடுங்கள். தவறான லியூசின் வடிவமாக இருந்தால் கலவையில் ஆல்ஃபா கார்பன்கள் பிரிந்து தெரியும். எச்பிஎல்சியில் இணைத்து ஏற்றுவதை சி18 ஒன்றில் மட்டும் செய்து நிறுத்தாமல் ஃபினைல் நிரலிலும் செய்யுங்கள். இரு டயாஸ்டீரியோமரும் (லியூசின் வடிவம் மட்டும் மாறிய இரண்டும்) ஒரு நிரலில் ஒன்றாக விழுந்து ஏமாற்றக்கூடும்.

அகார்தட்டு:
அப்படியே செய்கிறேன். முதல் லியூசின் டி என்று எடுத்துக்கொண்டு அந்தச் சங்கிலியை முதலில் தொடங்குகிறேன், ஆன்டிஸ்மாஷில் எபிமரைசேஷன் டொமைன் அந்த மாட்யூலில்தான் இருக்கிறது. ஸ்போர்க் குப்பிகள் 24 உறைநிலைப் பெட்டிக்குப் போய்விட்டன.